கெட்டித் தரை

வீடு வாசல் உள்ளவன் மண்ணில் போய்ப் படுப்பதற்குக் காசு கொடுத்துக் கூடாரம் வாங்குகிற காலமாகிவிட்டது என்று வீரபத்திரன் கன்னியாகுமரியில் பயணம் தொடங்கியதிலிருந்தே முனகிக்கொண்டு வந்தார். அவரும் வெளியில் படுத்தவர்தான். களத்தில் மிளகாய் காயும்போது களவு போகாமல் இருக்கப் படுத்தார். இவர்கள் எதைக் காக்கப் படுக்கிறார்கள்? மகன் யோகேஸ்வரனுக்குக் கடலோரமாகவே வேதாரண்யம் வரை காரில் போக வேண்டும், போகிற வழியில் மணலில் தூங்க வேண்டும். மனைவி, மகளோடு கிளம்பியவன், அப்பனைச் சொந்த ஊரான சிக்கலில் தனியாக விட மனமில்லாமல் அவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டான். எங்கே நிற்பது, எங்கே தின்பது எல்லாம் போன் சொன்னது. "சாப்டீங்களாய்யா" என்பதைத் தவிர அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏற்றி வைத்த தண்ணீர்க் கேனைப் போல அவரும் வந்தார்.

தனுஷ்கோடியில் பொழுது சாயுமுன்பே போலீஸ்காரர்கள் விசிலடித்து வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் டீ குடிக்க நின்ற இடத்திலெல்லாம் யாராவது ஜன்னலுக்குள் தலையை விட்டு, "ரூம் வேணுமா சார்" என்றார்கள். தீவு முழுக்கக் கமிஷன்காரர்கள் என்று வீரபத்திரன் ஜன்னலை ஏற்றிக்கொண்டார். அக்காள்மடம் வருமுன் தெற்கே பிரிந்த மண்தடத்தில் யோகேஸ்வரன் வண்டியை இறக்கினான். உடைமரங்களைத் தாண்டியதும் பெரிய வெட்டவெளி. அதன் நடுவில் ஒரு மணல்திட்டு, அதற்கப்பால் வெகுதூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. போனில் டவர் இல்லை. அவன் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினான்.

"அய்யா, நீங்க சொல்லுங்க. திட்டு வரைக்கும் வண்டி போகுமா?"

வீரபத்திரன் கதவைத் திறந்தார். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சிக்கல் கண்மாய் வற்றும்போது உள்வாய்த் தரையில் வண்டி விடலாமா என்று ஊரே அவரைத்தான் கேட்கும். குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றுவார். மேலே காய்ந்த பக்கு உடையாவிட்டால் மூட்டை ஏற்றிய டிராக்டரே போகலாம். இங்கேயும் சுற்றினார். சாம்பல் நிறத் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கு உடையவில்லை.

"விடுலே. லாரியே போகும்" என்றார். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

திட்டில் கூடாரம் எழும்பியபோது ஓர் ஆள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பைக்கை உடைமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு, வெட்டவெளியை நடந்தே கடந்திருந்தார். பெயர் காதர் மைதீன் என்றார்.

"அண்ணே, இங்கன படுக்காதீங்க. இன்னிக்குப் பௌர்ணமி, சோழகக் காத்து வேற அடிக்குது. தண்ணி ஏறும்."

"எங்கேர்ந்து ஏறும்? கடலு அங்கன கெடக்கு."

"கடல் பக்கமா வராதுண்ணே. முதுகுப் பக்கமாத்தான் வரும்."

வீரபத்திரன் சிரித்தார். "சரி, நாங்க எங்க போய்ப் படுக்கணும்?"

"எங்க கூடப்பொறந்த லாத்தா வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. சின்னப்பிள்ளைய வேற வச்சிருக்கீங்க. காசு கீசு வேணாம்."

"பாத்தியாலே" என்று மகனிடம் திரும்பினார். "சுத்தி வளச்சு ரூமுக்கு வந்துட்டான்."

"ரூம் விக்கிறவன் எதுக்குண்ணே வலையத் தூக்கிட்டு அலையிறான்?" என்றார் காதர் மைதீன். சிரிக்க முயன்று, பிறகு சிரிக்காமல், கார்ச் சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

"போயிருவோமே மாமா" என்றாள் மருமகள் சத்யப்பிரியா. யோகேஸ்வரன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பயணத்தில் முதல்முறையாக அந்த முகம் தெளிந்திருந்தது. "இருக்கட்டும்" என்றான்.

காற்று பலத்தது. பிறகு, யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு நொடி நின்று, மறுபடி அடித்தது. திட்டின் ஓரத்தில் இருந்த நண்டுகளெல்லாம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. பேத்தி யுவராணி அவற்றைத் துரத்தி விளையாடினாள். விளையாட்டை நிறுத்திவிட்டு, "தாத்தா, நம்ம வந்த பாதை மின்னுது" என்றாள்.

அவர் திரும்பினார். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. உடைமரங்களின் பக்கமிருந்து, கண்ணாடியை உருட்டிவிட்டது போல மெல்லிய தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரன் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். வண்டி கொஞ்ச தூரம் உருண்டது. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். பக்கு உடைந்த இடத்தில் தரையே இல்லை, கறுப்புக் கூழ்தான் இருந்தது. முன்சக்கரங்கள் அதில் அமிழ்ந்தன. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது தொடைவரை சேறு.

சத்யப்பிரியா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளை. "லாரியே போகும்னு சொன்னீங்களே மாமா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். அவள் பயந்து சொன்னாள்.

"தண்ணி பட்டு மேமண்ணு எளகியிருக்கு, அம்புட்டுத்தான். அடித்தரை கெட்டி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "ரோட்டுக்குப் போயி டிராக்டரு கூட்டியாறேன்."

"வேணாம்யா. அந்த ஆளு நம்மளப் பாத்துட்டுத்தான போனாரு. வண்டி லைட்டப் போட்டு வைப்போம், வருவாரு."

"அவன் வந்து உன்னத் தூக்குறதுக்கு நான் எதுக்குலே?"

யோகேஸ்வரன் அவர் கையைப் பிடித்தான். பிடியில் சேறு வழுக்கியது. உதறிவிட்டு இறங்கினார்.

தண்ணீர் கணுக்காலுக்கு இருந்தது. குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். சில இடங்களில் தரை தாங்கியது. தாங்கிய ஒவ்வொரு முறையும் "ம்" என்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. உடைமரத்தடியில் ஒரு டார்ச் ஆடியது.

"நில்லுங்கண்ணே! நடக்காதீங்க! திட்டுக்கே திரும்பிப் போங்க! வள்ளம் வருது!"

காதர் மைதீனின் குரல்தான். இப்போது படகுக்கு வாடகை பேசுவான் என்று நினைத்தார். டார்ச்சை விட்டு விலகி இடதுபக்கம் திரும்பினார். அங்கே நீருக்கு நடுவில் வெள்ளைப் பறவைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தரை இல்லாமலா அத்தனை பறவை நிற்கும்? பின்னால் யுவராணி "தாத்தா, தாத்தா" என்று கத்தியது காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. அவர் திரும்பவில்லை.

முழங்காலுக்கு மேல் குளிர்ந்தது. பறவைகள் இன்னும் கொஞ்ச தூரந்தான். அவற்றையே குறிவைத்து நடந்தார். வரிசை மொத்தமும் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உயர்ந்தது, மெல்லத் தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. கண்ணில் புரை விழுந்து வருகிறது, அதுதான் இப்படிக் காட்டுகிறது என்று புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த காலை எடுத்து வைத்தார்.