உங்கள் மனைவி வெளியேறினார்

பெரியம்மா போன் செய்தால் முதலில் திட்டுவாள், பிறகுதான் நலம் விசாரிப்பாள். அன்றைக்கு நலம் விசாரிக்கவே இல்லை.

"நீ வேலை பாக்குற கம்பெனிதானே இந்தக் கண்றாவியைப் பண்ணி வெச்சிருக்கு? நான் எங்கடி வெளியேறினேன்?"

விஷயம் இதுதான். பெரியப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அங்கே போக ஐந்து மணி நேரப் பயணம். பெரியம்மாவின் முழங்கால் மாதம் ஒருமுறைக்குத்தான் சம்மதித்தது. மற்ற நாள்களில் மாலை நான்கு மணிக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வீடியோவில் பேசுவாள். அந்த வீடியோ வசதி எங்கள் பிரவுசரோடு சேர்ந்தே வருவது. பேசி முடித்து அவள் பொத்தானை அழுத்தியதும், அவர் நாற்காலிக்கு எதிரே இருக்கும் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வரும். பெரியம்மாவின் போனில் பெயர் கேட்கும் பெட்டியில் அங்குள்ள நர்ஸ், அவருக்குப் புரியட்டும் என்று 'உங்கள் மனைவி' என அடித்து வைத்திருந்தாள். ஆகவே அந்த வரி இப்படி வந்தது: 'உங்கள் மனைவி வெளியேறினார்.'

பெரியப்பா நாற்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். வாயால் சொன்னதை மறந்துவிடுவார், எழுத்தில் நிற்பதை நம்புவார். நர்ஸ் மற்ற அறைகளுக்கெல்லாம் டீ கொடுத்துவிட்டு வந்து திரையை அணைக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவர் அந்த வரியையே படித்துக்கொண்டிருப்பார். அவள் வந்ததும் கேட்பார்: "எதுக்குப் போனா? நான் என்ன பண்ணேன்?" தினமும் கேட்பார். சில நாள் அழுவார்.

அந்த வார்த்தையைப் போட்டது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே நாளில் நானூறு சொற்களைத் தமிழாக்கி முடித்த திமிரில் போட்டது. யார் படிப்பார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

"ஒரு வார்த்தைதானே, நாளைக்கே மாத்திடறேன்" என்று மட்டும் சொன்னேன். இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தையை நகர்த்துவதும் ஒன்று, தேரை இழுப்பதும் ஒன்று. 'வெளியேறு' என்பதை ஓர் இடத்தில் எழுதி, இருபத்து மூன்று இடங்களில் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் ஆடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொழிக்குழு கூடும். பேராசிரியர் ஒருவர், திரை வடிவமைப்பாளர் ஒருவர், எங்கள் தலைவர், நான். வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அங்குலம். எந்தச் சொல்லைச் சொன்னாலும் முதலில் அதன் நீளத்தைத்தான் அளப்பார்.

முதல் கூட்டத்திலேயே ஒன்று புரிந்தது. தமிழில் ஒருவர் எழுந்து போவதைச் சொல்ல நல்ல வார்த்தை கிடைப்பது குதிரைக் கொம்பு. 'போய்விட்டார்' என்றால் சாவு. 'பிரிந்தார்' என்றாலும் சாவு. 'நீங்கினார்' என்றால் காரியமே முடிந்த மாதிரி. 'விலகினார்' என்றால் வக்கீலைத் தேட வேண்டும். நான் 'கிளம்பினார்' என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேச்சு வழக்கும்மா அது. திரையில நிக்கிறதுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியிருக்கக் கூடாது.

கூட்டம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு கூட்டம் தள்ளிப்போனது. பயனர்கள் எழுதும் பக்கத்தில் வசவு குவிந்தது. 'என் மேலதிகாரி வெளியேறினார் என்று வருகிறது, எங்கே போய்த் தொலைந்தார்?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஒரு வார்த்தைக்கு ஒன்றரை வருடமா? ஆமைகூட ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்' என்று இன்னொருவர். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன்: 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' அதை அனுப்பும்போதெல்லாம் எனக்கே என்மேல் கோபம் வரும்.

இரண்டாவது வருடத்தின் நடுவில் பெரியம்மா கூப்பிட்டாள். குரலில் ஒரு மிடுக்கு.

"உன் கமிட்டியை வெச்சு நீ என்ன வேணாலும் பண்ணிக்கோ. நான் மாத்திட்டேன்."

"எதை பெரியம்மா?"

"என் பேரை. வெளியேறினார்ங்கிறது உங்க சொத்து, தொடக் கூடாது. சரி. அதுக்கு முன்னாடி வர்றது என் கையிலதானே இருக்கு? துணி பத்தலைன்னா ஒட்டுப் போட்டுத் தைக்கிறதில்லையா?"

பெயர்ப் பெட்டியில் அவள் அடித்திருந்தது: 'நாளை நான்கு மணிக்கு வருவதாக சொல்லிவிட்டு'. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பெட்டியில் நூறு எழுத்துக்கு இடம் விட்டிருந்தான். ஆகவே அன்று மாலை திரையில் வந்தது: 'நாளை நான்கு மணிக்கு வருவதாக சொல்லிவிட்டு வெளியேறினார்.'

நாலு பேர் சேர்ந்து ஒன்றரை வருடம் செய்ய முடியாததை, ஒரு தையல்காரி ஐந்தே வார்த்தையில், அதுவும் எங்கள் வார்த்தையை அப்படியே வைத்துக்கொண்டு, செய்து முடித்திருந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பெரியப்பா அன்று அழவில்லை. வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். "வருவதாகவுக்கு அப்புறம் ஒரு 'ச்' விட்டுப்போச்சு. இது என் வீட்டுக்காரி எழுதினது. அவளுக்கு ஒத்து வராது." நர்ஸ் பதறிப்போய்ப் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் அவள் எழுதிய கடிதங்களையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர் அவர். ஒவ்வொன்றிலும் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கும். "நமக்குள்ள எல்லாம் ஒத்து வருது, உனக்குத்தான் ஒத்து வராது" என்பது அந்த வீட்டில் நாற்பது வருடத்து வேடிக்கை.

"அந்த 'ச்'சைச் சேத்துடுங்க பெரியம்மா" என்றேன்.

"போடி. அந்த எழுத்து இல்லாததாலதான் அது நான்னு அவருக்குத் தெரியுது."

அதற்குப் பிறகு தினமும் அவர் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தார். தினமும் அது அவருக்குப் புதுசு. தினமும் அதிலிருந்து அவளைக் கண்டுபிடித்தார்.

மூன்றாவது வருடம், எல்லாரும் மறந்த பிறகு, குழு முடிவுக்கு வந்தது. இனிமேல் திரையில் 'அழைப்பு முடிந்தது' என்று வரும். பேசியவர் பெயர் அதன் கீழே சிறியதாக வரும். அங்குலம் அளந்து பார்த்துச் சரி என்றார். செய்தி வெளியானதும் பயனர்கள் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். நானும்தான் ஒருவருக்கொருவர் கை குலுக்கும் கூட்டத்தில் நின்றேன்.

மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பெரியப்பாவின் திரை இனி என்ன சொல்லும்? 'அழைப்பு முடிந்தது. நாளை நான்கு மணிக்கு வருவதாக சொல்லிவிட்டு'. அவ்வளவுதான். வினைமுற்று இல்லை. சொல்லிவிட்டு என்ன செய்தாள்? ஒரு புரூஃப் ரீடர் அந்த வாக்கியம் முடியட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்துக்கொண்டிருப்பார்.

பெரியம்மாவை வேறு பெயர் வைக்கச் சொல்லலாம். 'நாளை வருவேன்' என்று வைத்தால் போதும். ஆனால் பெரிய எழுத்தில் நிற்பது 'முடிந்தது' என்பதுதான். அதைத்தான் அவர் படிப்பார்.

ஒரு தப்பு ரொம்ப நாள் இருந்துவிட்டால் யாராவது அதில் குடியேறிவிடுகிறார்கள். இடிக்கப் போகும்போதுதான் உள்ளே விளக்கு எரிவது தெரிகிறது. இத்தனை நாள் மாற்றத்தின் மந்தத்தைத் திட்டியவள், அன்று காலை அந்த மந்தத்துக்கு முதல்முறையாக நன்றி சொன்னேன். வெளியீட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அவசரமாகக் கூட்டச் சொன்னேன். தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒருத்தருக்காகவா நிறுத்தச் சொல்ற?"

"எல்லாருக்கும்தான் சார். வெளியேறினார் போகட்டும். கிளம்பினார் வரட்டும். பெயர் முன்னாடி இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை அவர் துடைத்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "ஐயா, இன்னிக்கு நீங்க வீட்டுலேருந்து வெளியேறினீங்களா, கிளம்பினீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கிளம்பித்தாம்மா வந்தேன்" என்றார்.

அங்குலம் அளந்து பார்த்தார். 'வெளியேறினார்' என்பதைவிடச் சற்றுச் சின்னதுதான். ஆனாலும் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியிருந்தது. இன்னும் எட்டு மாதம், அதுவரை பழைய வரியே. பயனர்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று எழுதினேன். முதல்முறையாக அதை மனதாரவே எழுதினேன்.

புது வார்த்தை வரும் நாளில் பெரியம்மா வீட்டுக்கே போய்விட்டேன். நான்கு மணிக்கு முன்பாக, வெளியேறினார் என்று போட்டது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"தெரியும்டி. அப்படி ஒரு அவசரக் குடுக்கை நம்ம குடும்பத்துல வேற யாரு?" என்றாள். நூல் நுனியைப் பல்லால் கடித்துவிட்டு வீடியோவின் முன்னால் உட்கார்ந்தாள்.

அன்று பெரியப்பா அதிகம் பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் இப்போது என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. மெஷினில் பாதி தைத்த பாவாடை கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

ஐந்து மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். பெரியம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ரொம்ப நேரம் படிச்சாரும்மா. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'ரெண்டு ஒத்து விட்டிருக்கா'ன்னார்."

நான் அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த 'க்'. மூன்று வருடத்துக்கு மேல் நான்கு பேர் உட்கார்ந்து பேசியும், பெயருக்கும் கிளம்பினாருக்கும் நடுவில் ஒரு ஒற்று வரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கே அதுக்கு எழுதிடறேன் பெரியம்மா."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது. போன் பக்கம் குனிந்து, "வேற என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"சிரிச்சாரும்மா. 'அவளுக்கும் வயசாயிடுச்சு, முன்னெல்லாம் ஒண்ணுதான் விடுவா'ன்னார்."