சனிக்கிழமைப் பாட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும்

துணிக்கடைக்கு வந்த பெண் லைனிங் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சனிக்கிழமை ஜூ டவுன் கச்சேரியில மஞ்சள் சுடிதார் போட்டுப் பாடினாளே, அந்தக் குட்டி யாரு?"

ஷபானாவின் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அதே மேடையில், அந்தக் குட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று அவளும்தான் பாடினாள். வந்தவளுக்கு அது தெரியவே இல்லை.

"இசக்கிசெல்வி" என்றாள் ஷபானா. "ஹோட்டல்ல துணி வெளுக்கிறவ."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் மட்டாஞ்சேரியில் அந்தக் குழுவைத் தொடங்கியவளே ஷபானாதான். நாலு பேர், நாலு குரல். ஒருவர் உருகி அழைக்க மற்றவர்கள் மறுமொழி சொல்லும் சோல் பாட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் பாடினார்கள். செல்வியைப் போன வருடம் கண்டுபிடித்துச் சேர்த்ததும் அவள்தான். இப்போது ஜூ டவுனில் சுக்கு வாசம் போகாத ஒரு பழைய கிடங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கச்சேரி நடத்தி, ஆல்பத்துக்காக நேரடியாகப் பதிவு செய்திருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எந்த நாள் பதிவு என்று முடிவாகவில்லை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஷபானாவுடையது.

தோப்பும்படியில் படகு எஞ்சின் பட்டறைக்கு மேலே இருந்தது விஸ்வநாத்தின் ஸ்டூடியோ. கீழே சுத்தியல் சத்தம் ஓய்கிற சாப்பாட்டு வேளையில்தான் எதையும் ஒழுங்காகக் கேட்க முடியும்.

சனிக்கிழமைப் பதிவில் செல்வி கடைசி வரியை விடாமல் திருப்பித் திருப்பிப் பாடினாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்று உச்சத்தைத் தொட்டவள் ஷபானா.

"ஞாயிற்றுக்கிழமையோடது மதி, சேட்டா, அதுவே போதும்" என்றாள் ஷபானா.

"ஜனங்க சனிக்கிழமைதானே எழுந்து நின்னாங்க?"

"அன்னைக்கு தாளத்துல ரயீஸ் கொஞ்சம் முந்திட்டான். கேட்டாலே தெரியும்."

விஸ்வநாத் தலையாட்டினார். இரைச்சலைக் களைவதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் செல்வியின் மைக்கை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டார். உச்ச வரி வந்தது. அது ஷபானாவின் இடம், செல்வி வாயே திறக்கக் கூடாத இடம். ஆனால் அந்தக் கட்டிய தொண்டை, மெல்ல, அதே சுரத்தைப் பிடித்து நின்றது.

"அந்த மைக்கை மூடிட்டு என்னோடதை மட்டும் போடுங்க."

போட்டார். ஷபானாவின் குரல் ஏறியது, ஆடியது, அரைக்கால் சுரம் கீழே இறங்கியது. அவளுக்குக் காது எரிந்தது. கைதட்டு வாங்கிய அந்த உச்சமும் செல்வி தாங்கிப் பிடித்ததுதானா?

வேலை முடிந்து செல்வி வந்தாள். கையில் எல்லோருக்கும் பழம்பொரி.

"ஞாயித்துக்கிழமை என் வரியில நீ எதுக்குடி பாடினே?"

செல்வி திகைத்துப்போனாள். "நீங்க மூச்சுக்குத் திணறுன மாதிரி இருந்துச்சுக்கா. அதான் கூட நின்னேன். தப்பாக்கா?"

ஷபானா பழம்பொரியைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பதிவே இருக்கட்டும்க்கா. அதுல நீங்க ரொம்ப நல்லா இருக்கீய."

செல்வி மனசாரத்தான் சொன்னாள். அதைத்தான் ஷபானாவால் தாங்க முடியவில்லை. இவள் போட்ட பிச்சையை ஆல்பத்தில் ஏற்றி, ஆயுசு முழுக்க ஊர் கேட்க வைத்திருப்பதா?

"சனிக்கிழமையோடதைப் போடுங்க சேட்டா" என்றாள். "முழுசும். ஒண்ணும் வெட்ட வேண்டாம்."

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. ஊரெல்லாம் அந்தக் கடைசிப் பாட்டுதான். செல்வி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தன்னை முன்னே நிறுத்தியது அக்காதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஷபானாவுக்குப் பெரிய மனசு என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள்.

ஒருநாள் ஒத்திகையில் ஷபானாவால் பொறுக்க முடியவில்லை.

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்மேல எனக்குப் பொறாமை. நீ தாங்கிப் பிடிச்சது பிடிக்காமத்தான் அந்தப் பதிவை மாத்தினேன்."

செல்வி கலகலவென்று சிரித்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "போங்கக்கா, சும்மா வெளையாடாதீய."

ஒரு சொல்லைக்கூட அவள் நம்பவில்லை. ஷபானாவுக்கு அதுவும் எரிந்தது.