இரண்டாம் கை உப்பு

டமாரென்று ஒரு தட்டு தரையில் விழுந்தது. அடுத்த நொடியே இன்னொன்று. தலைமைச் சமையல்காரர் பரிமாறும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்துச் சிப்பாய்கள் பாதிப் பேர் தண்ணீர்க் குழாயை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கடல் தண்ணியையே காய்ச்சி ஊத்திட்டீங்களா?" என்றான் ஒருவன், வாயைத் துடைத்தபடி.

சூப்பில் உப்பு கரித்தது. உதவிச் சமையல்காரன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். சமையல்காரருக்குப் பதற்றம்கூட வரவில்லை. யார் வீட்டுச் சூப்பைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல நின்றார்.

கரண்டி பிடித்தாலும் அவரும் ராணுவக்காரர்தான். இடுப்பளவுச் சட்டம் அவரையும் விடாது. இடுப்பை அளக்கும் நாடாவில் இரண்டு முறை தோற்றிருந்தார். மறுபடியும் தோற்றால் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வெளியே ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கி, எடை குறைக்கும் ஊசியை வாராவாரம் போட ஆரம்பித்தார். முகாம் டாக்டரிடம் மூச்சு விடவில்லை. சொல்லாமல் மருந்து எடுப்பது தெரிந்தாலும் வேலைக்கு வேட்டுதான்.

ஊசி வேலை செய்தது. 'அண்டா' என்று கூப்பிட்ட பையன்கள் 'அகப்பை' என்று மாற்றினார்கள். போன வாரம் நாடா தாராளமாகச் சுற்றியது. பசிதான் போன இடம் தெரியவில்லை. பாத்திர மூடியைத் திறந்தாலே குமட்டியது. வீட்டில் மனைவி தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். என்ன ஆச்சு என்று கேட்பாள். எதிலும் ஆசையற்றவராக அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார்.

இன்று காலை, சூப்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. முன்பென்றால் ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பார். இன்று இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டு, கேப்டன் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார். அன்றைய பொறுப்பு அதிகாரி ஒரு கிண்ணம் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் சிப்பாய்களுக்குப் பரிமாறுவது முகாமின் வழக்கம். இன்றைய பொறுப்பு அதிகாரியான கேப்டன் வந்தார். கிண்ணத்தோடு பின்கதவுப் பக்கம் நடந்தார். காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்து, பிரமாதம், பரிமாறலாம் என்றார்.

இப்போது அந்தக் கேப்டனே கூப்பிட்டனுப்பியிருந்தார்.

சமையல்காரர் அவர் அறைக்குப் போய் நின்றார். என்ன நடந்தது என்று கேப்டன் கேட்டார். சமையல்காரர் மழுப்பப் பார்க்கவில்லை. மழுப்புவதற்கும் கொஞ்சம் ஆசை வேண்டுமே.

"உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன் சார். வாயில வச்சுப் பார்க்க முடியல. எடை குறைய ஊசி போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஓய்வூதியம் போகப்போகிறது என்று தெரிந்தது. அதுவும் யாருடைய ஓய்வூதியமோ என்றிருந்தது.

கேப்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நாற்காலியைச் சமையல்காரர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த சூப்பை நான் வெளிய கொட்டிட்டேன்," என்றார். "நீங்க ஊசியை வயித்துல எந்தப் பக்கம் போடறீங்க? எனக்கு ரெண்டு பக்கமும் மரத்துப் போச்சு."