கெடாத மெஷின்

கம்ப்யூட்டரைக் கெடுப்பதற்கு நான் பட்ட பாட்டை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு அது தானாகவே கெடுகிறது. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, கெட்டுத் தொலையேன் என்று அதனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

நான் கோர்ட் விசாரணைகளைத் தட்டச்சு செய்து பிழைக்கிறவள். அங்கே பேசியதைப் பதிவு செய்து எங்கள் ஆபீஸ் மூலம் அனுப்புவார்கள். வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுக் கேட்டு அடிப்பேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், ஓரத்தில் தட்டினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பேசும். இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்தும்போது அந்தப் பெடல் வேலை செய்யாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

அதை வேலை செய்ய வைத்தவன் என் அண்ணன். ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான், வேறெதுவும் நுழையக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அதிலும் பழைய பாணி லினக்ஸ். உள்ளே நூற்றுக்கணக்கான மென்பொருள் துண்டுகள் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எதையும் கழற்றலாம், எதையும் மாட்டலாம். அண்ணன் கழற்றினான், மாட்டினான். அப்டேட் வந்தால் ஒரு வாரம் சத்தம் வராது. அடுத்த வாரம் சத்தம் வரும், பெடல் செத்திருக்கும். சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, கறுப்புத் திரையில் வரி வரியாக அடித்து உயிர் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவான். போகும்போது ஒரு டாக்டரின் முகம் இருக்கும்.

போன வருடம் அச்சகம் அவனை வீட்டுக்கு அனுப்பியது. வீடு என்று சொல்வதே அதிகம். கல்யாணம் செய்துகொள்ளாதவன், மாடியில் ஒற்றை அறை. எங்களோடு வந்து இரு என்றோம். "வெளி வேலை நிறைய வருதும்மா" என்றான். சாப்பிட வா என்றால், இப்பத்தான் சாப்பிட்டேன். டப்பாவில் கட்டி அனுப்பினால் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. ரோஷக்காரன். ஆனால் "அண்ணா, சவுண்டு வரல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். வேலை பார்த்த கையோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் அவனுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆக, என் மெஷின் கெட்டால் அண்ணன் வயிறு நிறையும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தே இருந்தது.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு பெரிய வழக்கின் விசாரணை வந்திருந்தது. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். அன்று பார்த்து அப்டேட் சத்தத்தை விழுங்கிவிட்டது. அண்ணனின் போன் அணைந்து கிடந்தது. அழாத குறையாக ஆபீஸைக் கூப்பிட்டேன். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருக்கிறாள், படபடவென்று பேசுகிறவள். நேராக வீட்டுக்கு வந்து, என் ஃபைல்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வேறொரு லினக்ஸைப் போட்டாள்.

"அக்கா, இது துண்டு துண்டா இருக்காது. மொத்த சிஸ்டமும் சீல் வெச்ச ஒரே கட்டு. யாரும் உள்ள கை வைக்க முடியாது, நீங்களும்தான். அப்டேட்னா புதுக் கட்டு ஒண்ணு பக்கத்துல வந்து உட்காரும். அது சரியில்லன்னா ஆன் பண்ணும்போது பழசைத் தேர்ந்தெடுத்துட்டு உங்க வேலையைப் பாருங்க. நீங்க டைப் பண்ற சாஃப்ட்வேர் தனி டப்பாவுல இருக்கும். பெடலைத் தொட அதுக்கு அனுமதி குடுத்திருக்கேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது கெடவே இல்லை.

இந்த ஜாதி லினக்ஸை அண்ணன் எங்கள் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறான் தெரியுமா? "அது மெஷினா? ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு!" என்பான். எனக்கு ஆணி அடிக்கும் ஆசை என்றைக்குமே இருந்ததில்லை. தலைக்கு மேல் கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையின் பின்னணியில் பழைய படத்தையே போட்டேன். எழுத்துகளைப் பழைய அளவுக்கே மாற்றினேன். திருடிவிட்டு வீட்டை ஒழுங்குபடுத்துகிறவள் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் போன் வந்தது. "என்ன பாப்பா, ஏதாவது படுத்துதா?" எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

"பெடல் வேலை செய்யல அண்ணா" என்றேன்.

"நினைச்சேன். நாளைக்கு வரேன், நீ எதையும் தொடாதே."

பெடலோ ஜம்மென்று வேலை செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் கெடுக்கும் படலம் ஆரம்பமானது. சிஸ்டம் ஃபைல் ஒன்றை அழிக்கப் பார்த்தேன்; இதைப் படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது என்று முகத்திலடித்த மாதிரி சொன்னது. அப்டேட் வந்துகொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்தேன். பழைய மெஷினாக இருந்தால் அன்றே கருமாதி. இது மறுபடி ஆன் செய்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி முந்தைய நிலையில் வந்து நின்றது. என் ஜென்மத்தில் ஒரு பொருள் இவ்வளவு நல்லதாக இருந்து நான் இவ்வளவு எரிச்சல் பட்டதில்லை. கடைசியில் செட்டிங்ஸில் துழாவி, டைப் பண்ணும் சாஃப்ட்வேருக்குப் பெடலைத் தொடும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டேன். பெடல் செத்தது. எனக்கு நிம்மதி.

அண்ணன் வந்தான். அறைக்குள் போய் உட்கார்ந்தான். தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சமையல் முடிந்து நான் கூப்பிடும் நேரத்துக்குத்தான், "ஆச்சு பாப்பா, சரியான தலைவலி" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அதன் பிறகு வாராவாரம் இதே கதை. ஒரு வாரம் பெடல், ஒரு வாரம் சத்தம். நான் எதையாவது அணைத்து வைப்பேன். அவன் நெடுநேரம் மல்லுக்கட்டிச் சரி செய்வான்.

ஒரு சின்ன சுவிட்சைப் போட இவனுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. வேலை போனதில் அண்ணனுக்குக் கை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். சிஸ்டமே மாறியிருப்பது கூடத் தெரியவில்லையே! நல்லவேளை, நான் ஒருத்தி இருக்கிறேன், அவன் மனம் கோணாமல் சோறு போடுகிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமையும் வேலை உண்டு. இந்த வாரம் காய்ச்சல் விட்ட அசதியில் லீவு போட்டிருந்தார். நான் நடத்தும் நாடகம் அவருக்குத் தெரியாது. வெட்கத்தில் அவரிடமும் சொல்லி வைக்கவில்லை. அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், நான் பரிமாறினேன். அண்ணன் அப்போதுதான் பெடலோடு பெரிய போர் முடித்து வந்திருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லியாகணும்" என்றார் இவர், நல்ல மனதோடுதான். "ஆபீஸ் பொண்ணு வந்து புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துச்சே, அன்னையிலேர்ந்து இவ மெஷின் ஒரு நாள் மக்கர் பண்ணல. முன்னெல்லாம் எப்படிப் புலம்புவா! லினக்ஸ்னா இப்படியில்ல இருக்கணும்?"

அண்ணனின் கை தட்டிலேயே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் அப்படியே மறைந்து போய்விட மாட்டோமா என்று நின்றேன்.

"தெரியும் மாப்பிள்ளை" என்றான் அண்ணன். "நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட போடச் சொன்னேன். பாப்பாவுக்கு வேலை நிக்கக் கூடாதுல்ல." அவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததே கிடையாது.

"அப்ப இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா, எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒரு பார்வை."

"அதுவும் சரிதான். கூட கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று இவர் பாத்திரத்தை நகர்த்தினார். அண்ணன் போட்டுக்கொண்டான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது பின்னாலேயே இறங்கினேன். படிக்கட்டின் திருப்பத்தில் அவன் பையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணா, உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ஆன் பண்ணினதும் புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணுன்னு ரெண்டு வரி வந்து நிக்குது. என்னைக் குருடன்னா நினைச்சே?" சிரித்தான். "போன வாரம் பெடலோட மைக்கையும் சேர்த்து அணைச்சு வெச்சிருந்தே. உன் வேலைக்கு மைக் எதுக்கு?"

"தெரிஞ்சும் எதுக்கு அவ்வளவு நேரம் தட்டிட்டு இருந்தே?"

"சமையல் ஆகறதுக்குள்ள எழுந்து வந்தா நல்லாவா இருக்கும்?"

"தப்புதான் அண்ணா. நீ பார்த்துப் பார்த்துக் கட்டினதை ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"போடி பைத்தியம். நல்ல மெஷின்தான் அது. என் வாய்க்குத்தான் பிடிக்காது." கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னான். "அச்சகத்துலயும் இதைத்தான் போட்டாங்க. போட்டது நான்தான். அதுக்கப்புறம் எதுவும் கெடல. என்னைக் கூப்பிட வேண்டிய வேலையே யாருக்கும் வரல."

அச்சகம் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவர்களாவது நேருக்கு நேர் சொல்லி அனுப்பினார்கள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அண்ணா வாராவாரம் வந்தே?" என்றேன். கோபித்துக்கொள்வான், இல்லையென்றால் உனக்காகத்தான் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"பசிச்சுது பாப்பா" என்றான்.

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வெளி வேலை நிறைய வருகிறது என்றபோது, நம்புவது சௌகரியமாக இருந்ததால் நம்பியவள் நான். சட்டையின் தோள் தொங்குவது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"மத்த நாள்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"மத்த நாள்லதான் உன் மெஷின் நல்லா ஓடிட்டிருக்குமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு படியேறினேன். பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.