நாற்பதாயிரம் பேரைக் கேட்டு வைத்த பெயர்

பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது, இன்னும் ஒரு பெயருக்கு வழியில்லை. பெயர் கிடைக்காமல் இல்லை. கிடைத்த பெயர்கள்தான் ஹனானின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. காலையில் லுஜைன், மத்தியானம் ஐஸல், பொழுது சாய்ந்தால் ஸீலியா என்று அந்தப் பெண்குழந்தை வேளைக்கொரு பெயரோடு பால் குடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் தம்பி பெண்டாட்டி இஸ்ராவின் வேலை. தம்பி ராமி குவைத்தில் இருந்தான். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம் என்பதால் இஸ்ராவை எகிப்தின் மன்சூராவில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள் ஹனான். கீழே அவளுடைய அழகு நிலையம், மேலே வீடு. கீழே ஒரு மணப்பெண்ணுக்குப் புருவம் திருத்திவிட்டு மேலே ஓடிவந்து கோழிச்சாறு கொதிக்கவைத்து, மறுபடியும் கீழே ஓடுவாள். இஸ்ரா படுக்கையில் சாய்ந்தபடி, கைபேசியில் நாற்பதாயிரம் தாய்மார்கள் இருக்கிற ஒரு குழுவில் யோசனை கேட்டுக்கொண்டிருப்பாள். 'யாருமே வைக்காத பெண்குழந்தைப் பெயர் வேண்டும், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் தோழிகளே.' தோழிகளுக்கு அடுப்பில் எதுவும் கிடையாது போலிருக்கிறது, ராவும் பகலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணி, ஸீலியா வேண்டாமாம். அஸ்வான்ல ஒருத்தி தன் பூனைக்கு அந்தப் பேரை வச்சிருக்காளாம்."

"அப்ப பூனைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு."

"ஐஸலுக்கு இருநூறு பேர் இதயம் போட்டிருக்காங்க. ஆனா அலெக்ஸாண்ட்ரியாவுல மட்டும் பதினோரு ஐஸல் இருக்காம். அதுவும் போச்சு."

"பதினோரு பேர் இருந்தா என்னடி? வரிசையில நிக்கவச்சு எண்ணப் போறாங்களா? மர்யம்னு வை, நூருன்னு வை. அந்தப் பேர் வச்ச பொண்ணுங்க யாரும் உலகத்துல வாழலையா?"

"தெருவுக்கு நாலு நூரு அண்ணி!"

"இருக்கட்டுமே! துணைக்கு ஆச்சு!" என்று கத்திவிட்டு, சாறு பொங்குகிற சத்தம் கேட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

அவள் இப்படிக் கத்துவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவள் கைப்பையின் உள்பைக்குள், அடையாள அட்டையில் அச்சாகிக் கிடந்தது. ஹனான் என்பது அவள் பெயரே இல்லை. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் நாற்பது நாள் தாண்டவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும் அம்மா பயந்துபோய், கண் படாமல் இருக்கட்டும், சாவு திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று இருப்பதிலேயே கேவலமான பெயராகப் பார்த்து வைத்தாள். கைஷா. தரை துடைக்கிற சாக்குத்துணி. வாளிக்குப் பக்கத்தில் ஈரமாகக் கிடக்குமே, அதேதான். சாவு ஏமாந்ததோ என்னவோ, பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து ராமி பிறந்தபோது அம்மாவுக்கு தைரியம் வந்துவிட்டது, அவனுக்கு நல்ல பெயராக வைத்தாள்.

பள்ளிக்கூடம் ஏமாறவில்லை. டீச்சர் அந்தப் பெயரைப் படித்தவுடன் "வாளி எங்கே?" என்று பின்வரிசை கேட்கும். அதே வகுப்பில் மூன்று ஹனான்கள் இருந்தார்கள். ஹனான் என்று கூப்பிட்டால் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தியாக இருக்க அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிறகு கல்யாணத்தில், நிக்காஹ் எழுத வந்த ஷேக் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைப் படித்தார். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கல்யாணம் மூன்று வருஷம் நீடித்தது. ஒவ்வொரு சண்டையிலும் அந்த மனுஷன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். தலாக் ஆனதும் ஊரை விட்டு மன்சூராவுக்கு வந்து, 'ஹனான் அழகு நிலையம்' என்று பலகை மாட்டினாள். பதினேழு வருஷமாக இங்கே அவள் ஹனான். பெயரைச் சட்டப்படி மாற்றலாம், ஆனால் அதற்குப் பத்து அலுவலக ஜன்னலில் போய்ப் பழைய பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் வாசலோடு திரும்பிவிட்டாள்.

ராமிக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, இஸ்ராகிட்ட சொல்லிடேன். அவ ஒண்ணும் நினைக்க மாட்டா," என்றான் போனில்.

"நீ சொன்னியோ, குவைத்துக்கே வந்து அடிப்பேன். உன் பொண்டாட்டி நாற்பதாயிரம் பேர்கிட்ட கருத்துக் கேப்பா."

ஏழாம் நாள் சடங்கிலும் அவள் பேச்சுக்கு இதே மரியாதைதான். குழந்தையைச் சல்லடையில் கிடத்தி ஆட்டி, காதுக்குப் பக்கத்தில் பித்தளை உரலை இடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அத்தை பேச்சைக் கேக்காதே!" என்று பெண்கள் கூவினார்கள். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் எதிர்வீட்டு உம்மு கரம் அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே கூவியது ஹனானுக்குப் பொறுக்கவில்லை. தின்பது என் வீட்டுப் பருப்பும் மிட்டாயும், கேட்கக் கூடாதது என் பேச்சா என்று வயிறு எரிந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மேலேயிருந்து ஒரு கூச்சல். தையல் பிரிந்துவிட்டதோ என்று பதறிப்போய், ஒரு வாடிக்கையாளரின் முடிக்குச் சாயம் பூசிய கையோடு ஹனான் மாடிக்கு ஓடினாள்.

"கிடைச்சிடுச்சு அண்ணி! யமாமா!"

ஹனான் கதவைப் பிடித்துக்கொண்டாள். யமாமா என்றால் தவிட்டுப்புறா.

"பறவைப் பேரா?"

"நாற்பதாயிரம் பேர்ல ஒருத்திக்குக் கூட இல்லை!"

"எப்படி இருக்கும்? புத்தி இருக்கிறவ வைப்பாளா? பள்ளிக்கூடத்துல யமாமான்னு கூப்பிட்டா, கோதுமை அடைச்சுப் பொரிச்சுத் தட்டுல வைக்கலாமான்னு கேப்பானுங்க. பறந்து காட்டுன்னு சொல்லுவானுங்க. உனக்கென்ன, நீ வச்சுட்டுப் போயிடுவே. தினம் போய் உக்காரப்போறது அவ!"

"நீங்க ஏன் அண்ணி இப்படிச் சாகறீங்க? உங்களுக்கு என்ன தெரியும்? ஹனான்னு அழகா ஒரு பேரு, யாரும் எதுவும் சொல்லாத பேரு. என் வகுப்புல நாலு இஸ்ரா. நான் மூணாவது. எனக்குக் கிடைச்ச கணக்குப் பரிசை முதல் இஸ்ராகிட்ட கொடுத்தாங்க, அவளும் வாங்கிட்டுப் போயிட்டா. எந்த டீச்சரும் என் மூஞ்சியைப் பார்த்து என் பேரைச் சொன்னதே இல்லை."

ஹனான் அவளை முறைத்தாள். உனக்கு என்ன தெரியும் என்று இவள் கேட்கிறாள். என்னை!

இஸ்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு பிள்ளை வயித்துலயே போச்சு. இவளுக்காக ஏழு மாசம் அசையாம படுத்துக் கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி மேல ஒரு யமாமா உக்காந்திருந்துச்சு. ரெண்டு தடவை முட்டை விழுந்து உடைஞ்சுது. மூணாவது தடவையும் வந்து உக்காந்துச்சு. அது எழுந்திருக்கலை, நானும் எழுந்திருக்கலை. வேற யாரு அண்ணி என்கூட இருந்தா?"

ஹனானுக்கு மனசு இளகியது. இளகியதும் கோபம் இன்னும் கூடியது. "புறாவுக்கு நன்றி சொல்லணும்னா அரிசி போடு. பிள்ளையைப் பலி கொடுக்காதே," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். அங்கே அந்த வாடிக்கையாளரின் முடி சொன்னதைவிடச் சிவப்பாகியிருந்தது.

பிறப்பைப் பதிவு செய்யப் பதினைந்து நாள்தான் கெடு. பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, அலுவலகம் கிடையாது. ஆகவே வியாழக்கிழமை காலையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இஸ்ராவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஹனான் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே நிற்க இடமில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"கல்யாணப் பத்திரம் நகல்தானே இருக்கு. அசல் எங்கே?"

"என் வீட்டுக்காரர்கிட்ட, குவைத்துல," என்றாள் இஸ்ரா.

"அப்ப அவர் பக்கத்துச் சொந்தம் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இவங்க யாரு?"

"அவரோட அக்கா."

"அட்டையைக் குடுங்கம்மா."

ஹனான் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "அட்டையா? வீட்டுல வச்சுட்டேன் போலிருக்கு."

"அப்ப சனிக்கிழமை வாங்க. கெடு தாண்டிடும், அபராதம் கட்டணும், அப்புறம் விசாரணைக்கு அலையணும்."

"அண்ணி, பையில பாருங்களேன். தையல் வலிக்குது, இன்னொரு தடவை என்னால வர முடியாது," என்றாள் இஸ்ரா. நிஜமாகவே முகம் வெளுத்திருந்தது.

ஹனான் அட்டையை எடுத்து, கவிழ்த்துப் பிடித்து, ஜன்னலுக்குள் தள்ளினாள். அவர் அதை மற்ற அட்டைகளின் குவியலில் போட்டார். கூப்பிடுவோம், உட்காருங்கள் என்றார். கூப்பிடுவார்களாம். இந்தச் சுவர்களுக்குள் இருக்கிற அறுபது பேர் முன்னால் கூப்பிடுவார்களாம். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். மடியில் குழந்தை இருந்தது.

அரை மணி கழித்து அந்தக் குரல் வந்தது. "கைஷா!"

யாரும் எழவில்லை. "கைஷா! யாரும்மா கைஷா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "வாளியும் கூட வந்திருக்கா?" என்றான் ஒருவன். நாற்பது வருஷமாகியும் அதே வாளி. இந்த நாட்டில் ஒரு புது கேலிகூடப் பிறக்கவில்லையே என்று ஹனானுக்கு எரிந்தது. பக்கத்தில் இஸ்ரா தையலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"அல்லாஹ்வே! அண்ணி, இப்படியும் ஒரு பேரா? யாரு பெத்த பொண்ணோ, பாவம்!"

"கைஷா அப்துல் மவ்லா சாலிம்!" என்றார் அவர், முழுப் பெயரையும் படித்து.

இஸ்ராவின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்துல் மவ்லா சாலிம் அவள் மாமனாரின் பெயர். அவள் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். ஹனான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கேன். கத்தாதீங்க."

ஜன்னலுக்குப் பத்தடி இருக்கும். கன்னம் காந்தியது, காது அடைத்தது. ஐந்தாவது அடியில் சிரிப்பு குறைந்துவிட்டது. ஏழாவது அடியில் வாளி கேட்டவன் தன் படிவத்தில் எதையோ தப்பாக எழுதிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம் நடம்மா, எனக்கு பஸ் போயிடும்," என்று ஒரு கிழவர் அதட்டினார். அவளை யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவுதானா? அரை நிமிஷம்கூட இல்லையே! இதற்காகவா பதினேழு வருஷம் அட்டையை ஒளித்துவைத்தேன், மருத்துவமனைக்குப் போகாமல் காய்ச்சலோடு கிடந்தேன், வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்? மடச்சி! அவள்மேலேயே அவளுக்குத் தாங்க முடியாத ஆத்திரம் வந்தது.

இஸ்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"குழந்தை பேரு?" என்றார் குமாஸ்தா.

"ஹனான்," என்றாள் இஸ்ரா. "ஹனான்னு எழுதுங்க."

அவர் விரல் தட்டச்சு செய்யப் போனது.

"எடுங்க கையை!" என்று ஹனான் ஜன்னல் கட்டையில் அடித்தாள். குழந்தை விழித்து வீறிட்டது. "என்னடி பேசுறே?"

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாத் தெரியாது. நான் சிரிச்சேன். நானே சிரிச்சேன்! இவளையும் பார்த்துச் சிரிப்பாங்க."

"ஹனான் நல்ல பேருதான்," என்றது வரிசையில் ஒரு குரல். "பழைய பேரு. இப்ப யாரு வைக்கிறா?" என்றது இன்னொன்று. "மரியாதையா நூருன்னு வைங்கம்மா," என்றார் பஸ்ஸுக்குப் போக வேண்டிய கிழவர்.

ஹனான் திரும்பினாள். "உங்களை யாராவது கருத்துக் கேட்டாங்களா? நாற்பதாயிரம் பேர் சொல்லியாச்சு, நீங்க வேறயா?"

குமாஸ்தா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, "முடிவு பண்ணிட்டு வாங்கம்மா, உயிரை வாங்காதீங்க," என்றார்.

"முடிவாயிடுச்சு," என்றாள் ஹனான். இஸ்ராவிடம் திரும்பியபோது குரல் உடைந்தது, ஆனாலும் அதட்டலாகத்தான் வந்தது. "நல்லாக் கேட்டுக்கோ. எங்கம்மா பயந்து பேர் வச்சா. நீயும் இப்ப பயந்துதான் வைக்கப் பாக்குறே. இந்தப் பயம் உனக்கு நான் கொடுத்தது. பன்னிரண்டு நாளா உன் காதுல ஓதி ஓதி ஏத்தினது நான்தான். நீ ஆசைப்பட்டு ஒரு பேர் வச்சிருந்தே. அது வேற, என்னுது வேற."

"சிரிப்பாங்களே அண்ணி."

"சிரிப்பானுங்க. அத்தை ஒருத்தி இருக்கா, போய்க் கேக்குறேன்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஹனான் என் பேரு. நானே தேடி எடுத்து, நாயா உழைச்சு, பலகையில எழுதி மாட்டின பேரு. அதை நான் யாருக்கும் தர மாட்டேன். எழுதுங்கய்யா, யமாமா."

"யமாமாவா?" என்று அவர் தலை தூக்கினார்.

"ஏன், உங்களுக்கும் கருத்து இருக்கா?"

அவருக்குக் கருத்து இல்லை. தட்டினார், அச்செடுத்தார், தாளை ஜன்னல் வழியாகத் தள்ளினார். உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டி, "அட்டையில இருக்கிற மாதிரியே முழுப் பேரும் எழுதணும்," என்றார்.

ஹனான் குழந்தையை இஸ்ராவின் கையில் கொடுத்தாள். பேனாவை வாங்கி, பல வருஷமாக எழுதாத அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, மறைக்காமல் எழுதினாள்: கைஷா அப்துல் மவ்லா சாலிம். எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேர் மேலே, யமாமா என்று இருந்தது.