பொட்டு வைத்த பக்கம்

பலாமரத்தூருக்கு எதிரே உள்ள பாறையில் தனசேகரனின் பலகையை மாட்டி ஆறு நாள் ஆகியும் ஊரில் ஒரு போனிலும் சிக்னல் ஏறவில்லை. டவர்காரர்கள் கொடுத்த அனுமதி இன்றோடு முடிகிறது. சாயங்காலத்துக்குள் வேலை செய்யாவிட்டால் கழற்றி எடுத்துப் போய்விடவேண்டும் என்று சிவசங்கர் போனில் சொன்னான். கோகிலவாணி பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, போளூரில் மலைக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

அவள் கணவர் தனசேகரன் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். கல்லூரியில் இருபது வருடம் அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர் கடைசியாகச் செய்தது இந்தப் பலகைதான்.

டவர் இருப்பது முகட்டுக்கு அந்தப் பக்கம். ஊர் இந்தப் பக்கத்துப் பள்ளத்தில். இரண்டையும் பார்க்க முடிகிற ஒரே பாறையும் ஊரைப் பார்த்துத் திரும்பி நிற்கவில்லை. வெறும் தகட்டை அதில் மாட்டினால் டவரிலிருந்து வரும் அலை பட்டுத் தெறித்துக் காட்டுக்குள் போய்விடும். அதனால்தான் சிலேட்டின் கனம்கூட இல்லாத பலகையில், கொஞ்சம் கொஞ்சம் அளவு மாறும் செம்புச் சதுரங்களை வரிசை வரிசையாகப் பதித்தார். ஒவ்வொரு சதுரமும் தன்மேல் படும் அலையை ஒவ்வொரு அளவுக்குத் தாமதப்படுத்தி அனுப்பும்.

“தாமதமானா எப்படித் திரும்பும்?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“உன் பள்ளிக்கூடத்துப் பசங்க கைகோத்து வரிசையா நடந்து வர்றாங்கன்னு வெச்சிக்க. மூலையில உள்பக்கத்துப் பையன் சின்ன அடியா வெப்பான், வெளிப்பக்கத்துப் பையன் எட்டி வெப்பான். கை வுடாமலே வரிசை திரும்பிடும். அலையும் அப்படித்தான், வாணி.”

எந்தச் சதுரம் எவ்வளவு பெரிது என்ற கணக்கை அவர் படுத்த படுக்கையில் போட்டார். மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். வலி அதிகமாகும்போது கண்ணை மூடிக்கொண்டு எண்களைச் சொல்வார். அவள் நோட்டில் எழுதுவாள்.

பாறையடியில் சிவசங்கர் அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனசேகரனிடம் படித்து, அவரோடு வேலை பார்த்தவன். பக்கத்தில் கோவிந்தன் பீடியைக் காதில் செருகியபடி நின்றார். பாறையில் துளை போட்டுப் பலகையை மாட்டியவர் அவர்தான்.

“டவர்ல இருந்து பலகைக்கு நல்லா வருது அண்ணி. பலகையில இருந்து ஊருக்குத்தான் வரல. மூணு வாட்டி அளந்துட்டேன்.”

“கணக்கு தப்பா, சிவா?”

அவன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டினான். “சார் கடைசியில ரொம்ப மருந்துல இருந்தாரு இல்ல அண்ணி.”

பஸ்ஸில் வரும்போது அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். கண்ணை மூடியபடி அவர் சொன்ன எண்களில் எது கணக்கு, எது வலி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எழுதியவள் அவள். ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. களைத்துவிடுவார் என்று பயம்.

கோவிந்தன் ஸ்பேனரை எடுத்தார். “அவுத்துடலாமா சார்?”

அப்போது மேலேயிருந்து, ஊரில் ஆடு மேய்க்கும் சாந்தம்மாள் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். ஒரு கையில் ஆடு ஓட்டும் குச்சி, இன்னொரு கையில் பட்டன் போன்.

“இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? ஆடுங்க மெரண்டு தெசைக்கு ஒன்னா ஓடுது. டார்ச்சு அடிக்கத்தான் இதை இடுப்புல சொருவினு இருந்தேன். திடீர்னு கத்துது.”

“யாரு போன்ல?” என்றார் கோவிந்தன்.

“எம் பொண்ணு நதியாதான். திருப்பூர்ல சாப்பாட்டு மணி அடிச்சா தெனமும் ஒரு வாட்டி போட்டுப் பாப்பாளாம். இன்னிக்கு மாட்டிக்கிச்சு. ‘எம்மா, நீ எப்போ டவர் மேல குடி போன’ன்னு கேக்கறா.”

சிவசங்கர் எழுந்துவிட்டான். “எங்க நின்னு பேசினீங்க?”

“அதோ, எடது கை பக்கமா, மேல ஒத்தப் புளியமரம் தெரியுதில்ல, அங்க. பத்தடி இந்தாண்ட வந்தேன், பூட்ச்சி.”

அவன் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முக்கால் மணி நேரம் கழித்து, முழங்காலில் சிராய்ப்போடு திரும்பினான்.

“அண்ணி, அங்க சிக்னல் கொட்டுது. ஊரு வலது பக்கம் கீழ இருக்கு. இது இடது பக்கம் மேல போயிருக்கு. எவ்வளவு திரும்பணும்னு சார் சொன்னாரோ அவ்வளவே திரும்பியிருக்கு, நேர் எதிர்ப்பக்கமா. பலகை தலைகீழா இருக்கு.”

“எங்க தலைகீழு?” கோவிந்தனுக்குக் கோபம் வந்தது. “பொட்டு வெச்ச பக்கம் மேல இருக்குது, பாரு. மாட்டும்போது நீ டவராண்ட இருந்த. நான் பாத்துத்தான் மாட்டினேன்.”

கோகிலவாணி அண்ணாந்து பார்த்தாள். பலகையின் மேல் ஓரத்தில், காய்ந்து வெடித்த மஞ்சள், நடுவில் குங்குமம். அவள் தன் விரலால் வைத்தது.

வேலை முடிந்த அன்று பலகை படுக்கையறைச் சுவரில் சாய்ந்திருந்தது. கிரைண்டரோ பீரோவோ, புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் வைப்பதுபோல இதற்கும் வைத்தாள். “அலைக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டதற்கு, “ஓரத்துலதான, வெய்யி” என்றார். எது தலை, எது கால் என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடி இல்லாமல் படுத்திருந்த அவருக்கும் தெரிந்திருக்காது.

பலகையை இறக்கித் திருப்பினார்கள். பின்னால் பென்சிலில் அவர் போட்ட சின்ன அம்பு, பொட்டுக்கு எதிர்ப்பக்கம் காட்டியது.

“இதைப் பாத்தேன். எதுனா கிறுக்கியிருப்பாங்கன்னு வுட்டுட்டேன்,” என்றார் கோவிந்தன்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. ஏழு மாதத்தில் முதல் முறை. தப்பு அவளுடையது, அவருடையது இல்லை. எண்கள் எல்லாம் சரி. கண்ணை மூடிச் சொன்னவையும் சரி.

ஆனால் கோவிந்தன் ஸ்பேனரைத் தொடவில்லை. “பொட்டைக் கீழ வெச்சி நான் மாட்ட மாட்டேன். அழிச்சிட்டு மாட்டவும் மாட்டேன்.”

“அதுக்கு ஏன் மாமா மூஞ்சியத் தூக்கற? இந்தப் பக்கமும் ஒன்னு வெச்சிட்டாப் போவுது,” என்று சாந்தம்மாள் வீட்டுக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தாள். கிண்ணத்தைக் கோகிலவாணியிடம் நீட்டினாள்.

கோகிலவாணி கையை நீட்டவில்லை. “நீங்க வைங்க.”

“ஏன்?”

“நான்...” அவள் கை வெறும் நெற்றிக்குப் போயிற்று.

சாந்தம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். “இதை செஞ்சவரு உங்க வூட்டுக்காரரு. கூட ஒக்காந்து எழுதினவங்க நீங்க. வேற யாரு வெப்பாங்க? வைங்க. மழை வர்ற மாதிரி இருக்குது.”

அவள் அம்பு காட்டிய ஓரத்தில் மஞ்சளைத் தடவி, குங்குமத்தை வைத்தாள்.

நாலு மணிக்குப் பலகை மறுபடி ஏறியது. கீழே ஊரில் சாமை காயப்போட்டிருந்த களத்தில்தான் முதல் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் களம் முழுக்க ஆட்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காமல் எல்லோரும் கத்தினார்கள். சிவசங்கர் கருவியைக் காட்டி ஏதோ சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

கோகிலவாணி தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு களத்தைவிட்டு மெல்ல வெளியே நடந்தாள். கடைசி வீட்டைத் தாண்டினாள். வேலியோரம் சிக்னல் மூன்று கோடு, ஓடைக்கரையில் இரண்டு.

“யக்கா, அங்க கெடைக்காது,” என்று சாந்தம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். “இங்க வந்து பேசுங்க.”

“பேசல. எதுவரைக்கும் வருதுன்னு பாக்கறேன்.”

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கோடு. இன்னும் ஏழெட்டு அடி வைத்ததும் அதுவும் போயிற்று. அவள் நின்றாள். பிறகு ஒரே ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, கோடு திரும்பி வந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.