எட்டு நாள் பழைய ஸ்கோப்

குறி பார்க்கத் துப்பாக்கிக்கு மாட்டுகிற ஸ்கோப்பில் விலை குறையக் குறைய நாள் பழசாகிக்கொண்டே போகும். முப்பதாயிரம் கொடுத்தால் இந்த நிமிஷம் காட்டில் நிற்கிற பன்றி தெரியும். இருபதுக்கு நேற்றைய பன்றி. அதற்கும் கீழே போனால் அவரவர் தலையெழுத்து.

செங்கோடன் வீட்டில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஸ்கோப்தான் இல்லை. போன புதன்கிழமை விடிகிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, ஒரு ஏக்கர் மரவள்ளியையும் கிளறிப் போட்டுவிட்டன. இதோடு மூன்றாவது வருஷம். வரப்பில் நின்று பார்த்த அவன் மனைவி பாவாயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "இனி இந்தக் காட்டை நம்பி நான் இருக்க மாட்டனுங்க" என்றாள். ஏழு மணி பஸ்ஸில் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போயேவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ பாவம், ஆள் பாதியாகிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டவுனுக்குப் போய்த் துப்பாக்கிக் கடையில் நின்றான். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைத்தார்.

"இது மூணு நாள் பழசுங்கண்ணா. எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

"எட்டு நாள் இருக்குங்களா?"

"இருக்கு. அதை யாரும் சீண்டறதில்லை. நாலாயிரம் குடுங்க, போதும்."

"அதுல சுட்டா விழுமுங்களா?"

"விழும். அன்னைக்கே விழும்."

செங்கோடன் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தான். புதனோடு புதன் எட்டு. நாளைக்கு ஒரு விடியல்தான் கணக்கு. அதை விட்டால் ஸ்கோப்பில் வியாழக்கிழமை வந்துவிடும். வியாழக்கிழமையில் பாவாயி கிடையாது.

விடியும்போது வரப்பில் குப்புறப் படுத்தான். வெறுங்கண்ணுக்குக் கிளறிய மண்தான் தெரிந்தது. ஸ்கோப்பில் மரவள்ளி தோள் உயரத்துக்கு நின்றது. முன்னால் வந்த பெரிய பன்றி முதல் செடியின் தூரில் மூக்கை வைத்தது. பாவாயியை நினைத்துக்கொண்டு சுட்டான். பன்றி சாய்ந்தது, மற்றவை மலையைப் பார்த்து ஓடின.

கண்ணை எடுத்தான். எதிரே மரவள்ளி எட்டு நாள் கூடுதலாக வளர்ந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

பாவாயி அடுப்படியில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, போன புதன்கிழமை வெடிச் சத்தம் கேட்டுச்சு. பன்னி விழுந்து கிடந்துச்சு, உங்களைக் காணோம். எட்டு நாளா எங்க போனீங்க?"

"வரப்புலதான் இருந்தேன்" என்றான் செங்கோடன்.

"சரி, கையைக் கழுவிட்டு வாங்க."

சுவரோரமாக எட்டுத் தட்டுகளை மூடி வைத்திருந்தாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போன புதன்கிழமைத் தட்டை முதலில் இழுத்துத் திறந்தான். சோற்றில் ஆவி பறந்தது. பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள்.